சும்மா கண்ணாடி

பியூலா எதன் மேலும் பெயர் எழுதி ஒட்டியதில்லை. எது எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரிந்தால் போதும் என்பது அவர் கட்சி. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கட்சியில் யாரும் மிச்சமில்லை.

அவருடைய மகள் கெசியா கல்லூரியில் அம்மாவின் ஆய்வகக் கதவைத் திறந்தபோது ஒரே மாதிரி கறுப்பு ஒயர்கள் கூடையில் பின்னிக் கிடந்தன. ஒன்றிலும் சீட்டு இல்லை. கல் மேசையில் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளிகள் அங்கங்கே தெரிந்தன. எந்தப் புள்ளி எதற்கு என்பது வைத்தவருக்கே வெளிச்சம்.

கெசியா சிறுசேரியில் ஒரு கம்பெனியில் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறாள். அங்கே ஒரு ஸ்குரூவுக்குக்கூட எண் உண்டு. அம்மா இறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. துக்கத்துக்கென்று கொடுத்த விடுப்பு தீர்ந்து, இது அவளுடைய சொந்த விடுப்பு. அதை ஒயர்க்கூடைக்குள் தலையை விட்டுச் செலவழிக்க வேண்டி வந்ததில் அவளுக்கு ஆத்திரம்.

அழைத்தவள் சந்திரிகா. பியூலாவிடம் கடைசியாக ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பெண். ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. வெளியூர்த் தேர்வாளர் ஒரே ஒரு அளவீட்டை மறுபடி செய்து காட்டச் சொல்லியிருந்தார். காட்டினால் பட்டம். காட்டாவிட்டால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். அது போனால் ஆய்வேட்டில் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்தான். இந்த லட்சணத்தில், வெள்ளையடிக்க வந்தவர்கள் கருவிகளையெல்லாம் மூலையில் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் லேப் வருகிறது.

"எதை எங்க வைக்கணும்னு மேம் உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காங்களாக்கா?" என்று கேட்டாள் சந்திரிகா.

"எங்கிட்ட சொன்னதெல்லாம் ஃப்ரிட்ஜை ஒழுங்கா மூடுன்னுதான்."

வாசலில் ஆய்வக உதவியாளர் துளசிங்கம் கயிற்றோடு நின்றுகொண்டிருந்தார். கல்லூரி வருவதற்கு முன் இந்த இடமே தன் பாட்டனாருடையது என்று புதிதாக வரும் எல்லோரிடமும் சொல்பவர்.

"இன்னாமா, தூக்கிரலாமா? அந்தக் கல்லு ஒண்ணுக்கே நாலு ஆளு வோணும். வெள்ளிக்கிழமை வரிக்கும் வச்சிக்கினு பேஜார் பண்ணாதீங்க."

"வெள்ளிக்கிழமைதான் அண்ணா. அதுக்கு முன்னாடி கயிறோட இந்தப் பக்கம் வராதீங்க."

"உங்கம்மா மாரியே பேசுற" என்றார் துளசிங்கம். அது பாராட்டல்ல.

அந்தக் கல்லின் கதை கெசியாவுக்குத் தெரியும். அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் சமையலறையைப் புதுப்பித்தார்கள். மேடைக்கு என்று வாங்கிய கடப்பாக்கல் வந்து இறங்கியதும் பியூலா அதைத் தட்டிப் பார்த்தார். "இது லேப்புக்கு" என்றார். சமையல் மேடைக்கு டைல்ஸ் போதும் என்றாகிவிட்டது. கல் குட்டியானை வண்டியில் ஏறித் தாம்பரத்துக்குப் போயிற்று. கல்லுக்கு அடியில் ஸ்கூட்டர் டியூப்கள், காற்றைப் பாதி அடைத்து. கல்லூரி மதிலை ஒட்டித் தண்டவாளம் போகிறது. ஒவ்வொரு மின்சார ரயிலுக்கும் கட்டடம் நடுங்கும். டியூப் அந்த நடுக்கத்தில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் அல்ல.

இவ்வளவும் எதற்கென்றால், வெளிச்சத்துக்காக. லேசர் ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டி, காந்தப்புலத்தில் வைத்த ஓர் உலோகப் படலத்தின் மேல் அடிப்பது. பரப்பு காந்தமாகியிருந்தால், பட்டுத் திரும்பும் ஒளியின் தளம் மிக மிகக் கொஞ்சமாகச் சாய்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. எதிரில் இன்னொரு வடிகட்டியும் அதன் பின்னால் ஒளியை அளக்கும் டயோடும் வைத்தால் தெரியும். காந்தப்புலத்தைக் கூட்டி, குறைத்து, மறுபக்கம் திருப்பிக்கொண்டே வந்தால் திரையில் கோடு போன வழியே திரும்பாது. பழைய நிலையை விட மனமில்லாமல் சற்றுப் பின்தங்கி வரும். போன கோடும் வந்த கோடும் சேர்ந்து ஒரு வளையம். பாடப்புத்தகத்தில் அதற்குக் காந்தத் தயக்கக் கண்ணி என்று பெயர். பியூலாவும் மாணவிகளும் லூப் என்பார்கள்.

வெட்டாமல், சுரண்டாமல், வெறும் வெளிச்சத்தைக் கொண்டே ஓர் உலோகத்தின் காந்த குணத்தைச் சொல்லிவிடலாம் என்பதில் பியூலாவுக்கு ஒரு கிறுக்கு. நாற்பது வயதுக்கு மேல் அது பிடித்தது. காந்தத்துக்கான கம்பிச் சுருளை மேற்குத் தாம்பரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் சுற்றி வாங்கினார். கடைக்காரர் கடைசிவரை அதை ஏதோ கிரைண்டர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை ரயில் குறைவு என்பதால் நல்ல அளவீடுகளெல்லாம் ஞாயிறு காலையில் எடுத்தவை. தேவாலயத்தில் தேவானந்தம் பக்கத்து இருக்கையில் பைபிளை வைத்து மனைவிக்கு இடம் பிடித்திருப்பார். பிரசங்கம் பாதி முடியும்போது பியூலா வந்து அந்தப் பைபிளை எடுத்துக்கொண்டு உட்கார்வார். யாரும் கேட்காமலே, "கோபால்ட் நல்லா வந்துச்சு" என்பார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது 'சும்மா'.

சும்மா என்பது ஒரு கண்ணாடி. அலுமினியம் பூசியது; காந்தமாகாதது. எந்தப் படலத்தை அளப்பதற்கு முன்னும் அதை வைத்து அளக்க வேண்டும். லூப் வரக் கூடாது. வெறும் கோடு வர வேண்டும். எந்தப் பெண் எவ்வளவு அழகான லூப்போடு ஓடிவந்தாலும் பியூலா அதைப் பார்க்க மாட்டார். "சும்மாவைக் காட்டினியா?" என்பார். ஒன்றுமில்லாததை வைத்தால் ஒன்றுமில்லை என்று சொல்லத் தெரியாத கருவி, ஏதோ இருக்கிறது என்று சொன்னால் எப்படி நம்புவது என்பது அவர் வாதம்.

லேப்போடு நின்றதா என்றால் இல்லை. தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் பச்சையம்மாவிடம், மீனை வைக்குமுன் தராசைக் காலியாகக் காட்டச் சொல்வார். "இன்னா டீச்சர், வெறுந்தட்டையா துண்ணப் போற?" என்று அந்தம்மா கத்தும். கத்திவிட்டுக் காட்டும். நோயாளி ஒருவருக்கு ஜெபத்தால் சுகமாயிற்று என்று போதகர் சாட்சி சொன்னபோது, வாசலில் அவரை நிறுத்தி, "அதே வார்டுல ஜெபம் பண்ணாம சுகமானவங்க எத்தனை பேர் ஐயா?" என்று கேட்டார். தேவானந்தம் செருப்பைத் தேடுவதுபோல் அப்பால் போய்விட்டார். கெசியா கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கி வந்த அன்றைக்கு அம்மா கேட்டது: "படிக்காம வந்தவங்க எவ்வளவு வாங்கியிருக்காங்க?"

கெசியா அன்றைக்கு அழவில்லை. கதவை அறைந்து சாத்தினாள். அந்தக் கதவு இன்னும் சரியாக மூடுவதில்லை.

அப்புறம் அந்த ரிப்போர்ட் வந்தது. பியூலாவின் திசுவைச் சோதித்து, புற்று என்று எழுதியிருந்தார்கள். பியூலா டாக்டரிடம் கேட்டார்: "நோயில்லாதவங்க திசுவைக் கொடுத்தா இந்த லேப் என்ன எழுதும்?" டாக்டர் சிரிக்கவில்லை. பியூலா வேறு லேபில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். கெசியா கத்தினாள். தேவானந்தம் கெஞ்சினார். அதற்கு ஒரு மாதம் போயிற்று. இரண்டாவது ரிப்போர்ட்டும் அதையேதான் சொன்னது.

"திருப்தியா?" என்று கேட்டாள் கெசியா.

"ம். இப்ப நம்பலாம்" என்றார் பியூலா, ஒரு மாணவியின் வேலையைத் திருத்தி முடித்ததுபோல.

அந்த 'ம்' இன்னும் கெசியாவின் காதில் இருந்தது.

திங்கட்கிழமை முழுக்க ஒயர்களோடு போயிற்று. செவ்வாய்க்கிழமை லேசர் எரிந்தது. படலத்தில் பட்டுத் திரும்பிய சிவப்புப் புள்ளி, கடற்கரை வண்டி போனால் ஒரு மாதிரியும் செங்கல்பட்டு வண்டி போனால் வேறு மாதிரியும் ஆடியது. நடுவில் விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் வட்டமடித்தது. திரையில் வந்தது லூப் அல்ல, பொரித்த சேமியா.

"லென்ஸ் அங்க இருந்துதுக்கா, அந்தக் கோடியில" என்று சந்திரிகா ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினாள்.

"அவ்வளவு தூரத்துல வச்சா ஆடத்தான் செய்யும். இதென்ன அறிவு?"

கெசியா வேறொரு சின்ன லென்சை எடுத்துக் காந்தத்தை ஒட்டி வைத்தாள். புள்ளி அடங்கிற்று. காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே, புலத்தை அளக்கும் சின்ன சில்லு ஒன்று நூலில் தொங்கியது. அதன் ஒயரில் அங்குலத்துக்கு ஒரு டேப். எண் துள்ளிக்கொண்டே இருந்தது. புதிய பவர் சப்ளையோ, காந்தத்துக்குள் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று தானே சுத்தமாகச் சொல்கிறது. மின்சாரம் தெரிந்தால் புலம் தெரிந்த மாதிரிதானே. கெசியா நூலை அறுத்துச் சில்லை எடுத்து வைத்தாள்.

புதன்கிழமை காலையில் லூப் வந்தது.

வந்தது என்றால், அச்சடித்ததுபோல் வந்தது. பெரியது, வழவழப்பானது, ரயில் போகும்போதும் அசையாதது. சந்திரிகா வாயைப் பொத்திக்கொண்டாள். துறைத்தலைவர் லக்ஷ்மிநாராயணன் கையில் டிபன் பாக்ஸோடு வந்தார். பியூலாவுக்குப் பிறகு சந்திரிகாவின் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது.

"சூப்பர்மா! உங்க அம்மா காலத்துல இப்படி வந்ததே இல்ல. அவங்களோடது எப்பவும் கம்பளிப்பூச்சி மாதிரிதான் இருக்கும்."

கெசியாவுக்கு நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. கூடவே ஒரு குத்தலும்.

"தேர்வாளருக்கு இப்பவே மெசேஜ் போட்டுடறேன்" என்று திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்.

"அப்ப தூக்கிரலாம்" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

சந்திரிகா எல்லாவற்றையும் எடுத்துவைக்கத் தொடங்கினாள். சும்மா கண்ணாடி ஒரு பழைய சாக்லெட் டப்பாவில் பஞ்சுக்குள் இருந்தது. கெசியா அதை வாங்கினாள். சோதித்துப் பார்க்க அல்ல. ஜெயித்துவிட்டதாக அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது; சொல்வதற்கு வேறு வழி இல்லை.

"இந்தா உன் சும்மா" என்று முணுமுணுத்தபடி படலத்தை எடுத்துவிட்டு அதை வைத்தாள். பட்டனை அழுத்தினாள்.

திரையில் அதே லூப் வந்தது. பெரியது, வழவழப்பானது.

கெசியா மறுபடி அழுத்தினாள். மறுபடியும் வந்தது.

"சனியன்" என்றாள் கெசியா. அது அம்மாவையா கண்ணாடியையா என்று அவளுக்கே தெரியாது.

சந்திரிகா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. தேர்வாளர் சும்மாவைக் கேக்கலை. படலத்தை மட்டும்தான் கேட்டார். இதையே கொடுத்துட்டா என்ன?"

"என்ன கொடுப்ப? இது உன் படலம் இல்ல. படலத்தை எடுத்தாலும் வருதே."

"தெரியும்க்கா. தெரியாத மாதிரி இருந்திருக்கலாமேன்னு சொல்றேன். எனக்கு மே மாசம் கல்யாணம். அதுக்கு முன்னாடி இது முடியணும்."

கெசியாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். டப்பாவைத் திறக்காமல் இருந்திருக்கலாம். திறந்தாயிற்று. பார்த்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது? அம்மா இருந்திருந்தால் சண்டையாவது போடலாம்.

எதை மாற்றினேன் என்று யோசித்தாள். இரண்டை, லென்சையும் நூலையும். லென்சைப் பழைய சிவப்புப் புள்ளிக்குக் கொண்டுபோனாள். சும்மா கண்ணாடியில் லூப் செத்தது. கோடு வந்தது.

அவ்வளவுதான் விஷயம். காந்தப்புலத்தில் நின்றால் லென்சின் கண்ணாடியும் ஒளியைக் கொஞ்சம் திருப்பும். மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் படிப்பது, கெசியாவும் படித்ததுதான். அம்மா அதைத் தள்ளி வைத்தது அறிவில்லாமல் அல்ல. சரி, லென்சின் கண்ணாடிக்கு நினைவு கிடையாதே, லூப் ஏன் வந்தது? நூலை அறுத்ததால். காந்தத்தின் கம்பிச் சுருளுக்குள் இருக்கும் இரும்புக்கு நினைவு உண்டு. மின்சாரத்தை நிறுத்தினாலும் அது கொஞ்சம் காந்தத்தை மிச்சம் பிடித்துக்கொள்ளும். புலத்தை அளக்காமல் மின்சாரத்தை மட்டும் அளந்ததால், அந்த இரும்பின் தயக்கத்தையே படலத்தின் தயக்கம் என்று காட்டிவிட்டது. அவள் பெருமைப்பட்டது சொந்த மின்காந்தத்தின் படத்தைப் பார்த்து.

லக்ஷ்மிநாராயணனிடம் போய்ச் சொன்னாள். அவர் தயிர்ச்சாதத்தை மென்றபடி அவளைப் பார்த்தார்.

"நான் மெசேஜ் போட்டுட்டேனேம்மா."

"தெரியும் சார்."

"அவர் கட்டைவிரல் வேற போட்டுட்டார்."

"சார்…"

"உங்க குடும்பத்துல யாரும் நிம்மதியா ஒரு வாய் சாப்பிட விடமாட்டீங்களா?" டிபன் பாக்ஸை மூடினார். "வெள்ளிக்கிழமை காலை வரைக்கும். அதுக்கு மேல என் கையில இல்ல."

வியாழக்கிழமை சந்திரிகா துப்பட்டா ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொடுத்தாள். சில்லை மறுபடி காந்தத்தின் முனைகளுக்கு நடுவே கட்டினார்கள். லென்ஸ் மறுகோடியில். புள்ளி மறுபடி ஆட ஆரம்பித்தது. ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவே ஒவ்வொரு சுற்றாக எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்ப்பதுதான் வழி. சந்திரிகா சன்னலுக்கு ஓடி ஓடிப் பார்த்தாள். அவள் பார்த்துச் சொல்வதற்குள் வண்டி வந்துவிடும், எடுத்தது பாழாகும். மதியம்வரை வெளியே நின்று இதைப் பார்த்த துளசிங்கத்துக்கே பொறுக்கவில்லை.

"யம்மா, கண்ணால பாத்தா லேட்டு. வண்டி ஸ்டேசன வுட்டு கெளம்புற சத்தம் காதுல வுழணும். நவுரு." மதில் பக்கம் போய் நின்றுகொண்டார். "பீச் வண்டி பூட்ச்சு. அந்தாண்ட ஒண்ணு சிக்னல்ல கீது. போடு… போடு… ஏய், நிறுத்து, எக்ஸ்பிரஸ் வருது!"

நாளெல்லாம் அந்தக் குரல் கேட்டது. நடுவில் ஒருமுறை, டீ குடிக்கப் போன அவர் வரும்வரை காந்தவியல் காத்திருந்தது.

மாலையில் திரையில் ஏதோ திரண்டது. சின்னது. மயிர் மயிராக நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் லூப். சதுரமாக, தோள்கள் இரண்டும் தெரிய. படலத்தைக் கால் வட்டம் திருப்பி வைத்து, மறுபடி துளசிங்கம் கத்தக் கத்த எடுத்தார்கள். இம்முறை லூப் ஒல்லியாகிச் சரிந்து கிடந்தது. படலத்துக்கு எந்தத் திசை இஷ்டம், எந்தத் திசை கஷ்டம் என்று அதுவே சொல்லிவிட்டது. தேர்வாளர் கேட்டது அதைத்தான்.

லக்ஷ்மிநாராயணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

"கம்பளிப்பூச்சி."

"ஆமா சார்."

நிமிர்ந்தார். "சும்மா?" என்றார்.

கெசியா அடுத்த படத்தைத் திறந்தாள். கோடு. அங்கங்கே ரயில் தடுக்கிய கோடு, ஆனால் கோடு.

"முன்னாடி அனுப்பினதைத் தூக்கிப் போடுங்கன்னு எழுதணும். மானம் போகுது" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். அன்றைக்கே பதில் வந்துவிட்டது. இதைத்தான் எதிர்பார்த்தேன், அந்த வழவழப்பானதை நம்ப முடியவில்லை, வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறியுங்கள் என்று. சந்திரிகா கெசியாவைக் கட்டிக்கொண்டாள். கெசியாவுக்கு யாரும் கட்டிக்கொள்வது பிடிக்காது. அன்றைக்கு விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நால்வர் வந்து கல்லைத் தூக்கினார்கள். "வூட்டுக்கா, இங்கியே போட்றதா?" என்று கேட்டார் துளசிங்கம். சந்திரிகாவுக்கு அடுத்து யாரும் அதைத் தொடப்போவதில்லை. "வீட்டுக்கு" என்றாள் கெசியா. சமையல் மேடைக்கு வாங்கியது, பத்துப் பதினைந்து வருஷம் வெளிச்சம் அளக்கப் போய்விட்டு, குட்டியானையில் திரும்பி வந்தது. டைல்ஸை உடைக்க யாருக்கும் தெம்பில்லை. வராந்தாவில் சாய்த்து வைத்தார்கள்.

அம்மா பிடிவாதமாகத் திரும்பச் சோதித்தது சரியா என்று கெசியா வண்டியில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தாள். லூப் விஷயத்தில் சரி. அதை அளந்து பார்த்தாயிற்று. அந்த ஒரு மாத விஷயத்தில்? ஒரு மாதத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்றார் டாக்டர். டாக்டருக்கு எப்படித் தெரியும்? அந்த மாதம் வீணாகாத இன்னொரு பியூலாவைப் பக்கத்தில் நிறுத்தி அளக்க முடியாது. அதற்குச் சும்மா கிடையாது. அம்மாவிடமே கேட்டிருந்தாலும், அப்படியானால் ஒன்றும் சொல்ல முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். அதைச் சொல்லிவிட்டுத் தூங்கவும் போயிருப்பார். கெசியாவால் அது முடியவில்லை.

உள்ளே தேவானந்தம் சோபாவில் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷினை மடியில் வைத்திருந்தார். கையில் சுற்ற வேண்டிய பட்டையைத் தண்ணீர் பாட்டிலில் சுற்றிக்கொண்டிருந்தார். பியூலா இருந்தவரை ஒவ்வொரு சாயங்காலமும் செய்தது அது. அப்போதெல்லாம் தேவானந்தம் தலையில் அடித்துக்கொள்வார்.

"அப்பா! பாட்டிலுக்கு எதுக்குப்பா பிரஷர்?"

"பாட்டிலுக்கு எர்ரர்னு வரணும். அதுக்கும் நூத்தி இருபதுன்னு சொன்னா அப்புறம் எனக்குச் சொல்றதை எப்படி நம்புறது?"

"ஐயோ" என்றாள் கெசியா. கைப்பையை வீசிவிட்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். பட்டை பாட்டிலைப் பிடித்து இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்கியது. இருவரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எர்ரர் வந்தது. தேவானந்தம் கையை நீட்டினார்.